நாய் மிதிவெடியை எப்படி மணந்து பிடிக்கிறது?

போன மாதம் ஒரு இரவு, ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் வழக்கம்போல போனில் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருவன் கனடாவில், ஒருவன் பரந்தனில், மற்றவர்கள் கிளிநொச்சியைச் சுற்றி. எங்கள் கதை பெரும்பாலும் நாய், பூனை, மாடு என்று தொடங்கி எப்படியோ சண்டைக்காலக் கதையில் போய் முடியும், அன்றைக்கும் அப்படித்தான். பரந்தன்காரன் சொன்னான்: "டேய், என்ர கறுப்பி வளவின்ர கிழக்கு மூலைக்கு மட்டும் போகவே மாட்டாள். அங்க மிதிவெடி கிடக்குதெண்டு அவளுக்குத் தெரியும் போல." உடனே கனடாக்காரன், "ஓமடா, ரெண்டாம் உலகப்போரில நாயளை வச்சுத்தானே வெடி எடுத்தவங்கள், நாய்க்குத் தெரியாமலோ?" என்றான்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் வன்னியில் இந்த விஷயத்தில் பாதி உண்மை காலைப் பறித்துவிடும். அன்றைக்கு விடிய ஒரு மணிவரைக்கும் அவர்களுக்கு விளங்கப்படுத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் மச்சாள் ஏழு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர், அவரிடம் கேட்டு அறிந்ததும் இதில் நிறைய உண்டு.

முதலில் ஒரு சொல். வெளியில் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்று எழுதுவார்கள். இங்கே எங்களுக்கு வாகனத்துக்கு வைப்பது கண்ணிவெடி, காலுக்கு வைப்பது மிதிவெடி. நான் சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றி. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் கொஞ்சம் வெடிமருந்து, நுனியில் ஒரு சின்ன உலோகத் துண்டு. அவ்வளவுதான். மண்ணுக்குள் சில அங்குலம் கீழே கிடக்கும்.

சரி, மூடிய டப்பாவுக்குள் இருப்பதை நாய் எப்படி மணக்கும்? வீட்டில் பெருங்காய டப்பாவை நினைத்துப் பாருங்கள். மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அலுமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக் நமக்குத்தான் சுவர். மிகச் சின்னத் துகள்களுக்கு அது மெல்லிய சீலை மாதிரி, மெதுவாக அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். மிதிவெடிகளில் அதிகம் பாவிக்கப்படுகிற வெடிமருந்துகளில் ஒன்று டிஎன்டி. இதில் வேடிக்கை என்னவென்றால் சுத்தமான டிஎன்டி லேசில் ஆவியாவதில்லை, மணமும் அவ்வளவு வராது. அதைத் தயாரிக்கும்போது கூடவே தங்கிவிடுகிற கழிவுப் பொருள் ஒன்று உண்டு, டிஎன்டி போலவே ஆனால் ஒரு படி குறைந்தது, பெயர் 'டைநைட்ரோ டொலுயீன்'. இது டிஎன்டியைவிட எத்தனையோ மடங்கு எளிதாக ஆவியாகும். நாய் பெரும்பாலும் பிடிப்பது இந்தக் கழிவின் மணத்தைத்தான். வெடியின் மணம் என்று நாங்கள் சொல்வது உண்மையில் வெடியோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கின் மணம்.

அப்புறம் மண். இந்தக் கதையில் நாயை விட மண்தான் பெரிய ஆள் என்று நான் நினைக்கிறேன், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டப்பாவிலிருந்து கசிந்த துகள் நேரே மேலே வந்து நாயின் மூக்கில் ஏறாது. மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும், ஈரத்தில் கரையும், மழைத்தண்ணியோடு இறங்கும், வெயிலில் தண்ணி மேலே ஏறும்போது அதோடு சேர்ந்து ஏறும், வேருக்குள் போகும், கிருமிகள் கொஞ்சத்தைத் தின்னும். புதைத்த நாளிலிருந்து மணம் மேலே வந்து சேரவே கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் நாயைச் சோதிக்கிற பயிற்சி நிலத்தில் வெடியை நேற்றுப் புதைத்துவிட்டு இன்றைக்கு நாயைக் கொண்டுபோவதில்லை, முன்கூட்டியே புதைத்து ஊறவிடுவார்கள்.

காய்ந்த மண் இந்தத் துகள்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. கொஞ்சம் ஈரம் பட்டால் தண்ணி போய் மண்துகளில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மணத்தைத் தள்ளி வெளியே விடும். சித்திரை, வைகாசி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற நிலத்தில் முதல் மழை விழும்போது ஒரு மணம் வருமே, இரணைமடு வாய்க்கால் பக்கம் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடினாலே தெரியும். இரண்டும் முழுக்க ஒன்றல்ல, ஆனால் காய்ந்த மண் பிடித்து வைத்திருந்ததை ஈரம் விடுவிக்கிறது என்ற அளவில் இரண்டும் சொந்தக்காரர்தான். ஆகவே அதே நிலத்தில், அதே வெடியை, அதே நாய் காலையில் பனி ஈரத்தோடு கண்டுபிடிக்கலாம், நல்ல கோடை மத்தியானத்தில் தவறவிடலாம். கடும் மழை பெய்து தண்ணி தேங்கி நின்றாலும் வேலைக்கு ஆகாது. இன்னொன்று, மணம் வெடிக்கு நேர் மேலேதான் வரவேண்டும் என்றில்லை. சரிவு இருந்தால், தண்ணி ஓடுகிற பக்கம் இருந்தால், சற்றுத் தள்ளி வெளிப்படும். நாய் மணம் பிடித்துக் குந்திய இடத்தைச் சுற்றித்தான் தோண்டித் தேடுவார்கள், அந்த ஒரு புள்ளியை மட்டுமல்ல.

இனி மூக்கு. மனிதருக்கு மணம் அறியும் அணுக்கள் ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம். நாய்க்கு, இனத்துக்கு இனம் மாறினாலும், 20 கோடியைத் தாண்டும். எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அதன் மூக்கு அமைந்திருக்கும் விதம். நாங்கள் மணப்பதும் மூச்சு விடுவதும் ஒரே வழியில், ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளும். நாயின் மூக்குத் துவாரத்தில் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இழுப்பது முன்பக்கத்தால், வெளியே விடுவது அந்தப் பக்க வெட்டால். அதனால் தன் மூச்சாலேயே முன்னால் இருக்கிற மணத்தை ஊதிக் கலைப்பதில்லை. இழுத்த காற்றில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் தனியாக மணம் அறியும் அறைக்குப் போகிறது. செக்கனுக்கு ஐந்து தடவை அளவில் இப்படி இழுத்து விடும். உங்கள் வீட்டு நாய் சுவரோரம் தலையைத் தாழ்த்தி 'ஸ்ஸ் ஸ்ஸ்' என்று போகும்போது கிட்டக் குந்தியிருந்து கேட்டுப் பாருங்கள், அது உள்ளூர் நாயோ வெளிநாட்டு ஜெர்மன் ஷெப்பர்டோ, அந்தச் சத்தம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் கனடாக்காரன் குறுக்கிட்டான். "அப்ப நாய்க்கு வெடி எண்டு தெரியுது தானே?" இல்லை. இதுதான் முக்கியமான இடம். நாய்க்கு மணம் தெரியும், வெடி என்றால் என்னவென்று தெரியாது. ஒரு மணத்தைக் கண்டால் அசையாமல் குந்தி இரு, இருந்தால் பந்து கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தேடுவது பந்தை. கறுவாவுக்குப் பந்து கொடுத்துப் பழக்கியிருந்தால் கறுவாவைத் தேடும். பயிற்சி முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் நிற்கிறது: மணம், இருத்தல், பந்து. மாதக்கணக்கில் இதையே திருப்பித் திருப்பிச் செய்வார்கள். வெற்று இடத்தில் இருந்துவிட்டால் பந்து கிடையாது. அப்படிப் பொய்யாக இருந்து பந்து வாங்கப் பார்க்கிற கெட்டிக்கார நாய்களும் உண்டு.

எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதைத்தான் நாய் கற்கும், நாங்கள் மனதில் நினைத்ததை அல்ல. இதை விளங்கிக்கொள்ள இரண்டாம் உலகப்போரைவிட நல்ல பாடம் இல்லை. நாய்களின் முதுகில் வெடியைக் கட்டி எதிரியின் டாங்கிகளுக்குக் கீழே ஓட விடலாம் என்று சோவியத் படை 1930களிலேயே பழக்கத் தொடங்கி, 1941இல் ஜெர்மன் டாங்கிகளுக்கு எதிராக இறக்கியது. சாப்பாட்டை டாங்கிக்குக் கீழே வைத்துப் பழக்கினார்கள், எரிபொருளை மிச்சம் பிடிக்க அசையாமல் நிற்கிற டாங்கியில். அந்த டாங்கிகள் அவர்களுடைய சொந்த டாங்கிகள். களத்தில் டாங்கி ஓடுகிறது, சுடுகிறது, ஜெர்மன்காரருடைய டாங்கியில் பெட்ரோல் மணம், பழகின டீசல் மணமில்லை. பல நாய்கள் மிரண்டு தங்கள் பங்கர் பக்கமே திரும்பி ஓடின, முதுகில் வெடியோடு. நாய்கள் தவறு செய்யவில்லை. சொல்லிக் கொடுத்தது அதுதான். இதை வாசித்த நாளில் எனக்கு நித்திரை வரவில்லை, நம்பி ஓடி வருகிற ஒரு நாயைத் தன் ஆட்களே சுட வேண்டி வந்த நிலையை நினைத்து.

அமெரிக்கர்கள் மிதிவெடி நாய்களைப் பழக்கியபோது வேறு பிழை. மணத்தைவிட, புதைத்து வைத்த கம்பியில் மின்சார அதிர்ச்சி கொடுத்து, தோண்டிய மண்ணைக் கண்டால் பயந்து நிற்கும்படி பழக்கினார்கள். நாய் கற்றது வெடியை அல்ல, புதிதாகக் கிண்டிய மண்ணை. போர்க்களம் முழுவதும் கிண்டிய மண்தானே! ஷெல் விழுந்த குழி, பங்கர், சடலம் புதைத்த இடம். இத்தாலிக்குக் கொண்டுபோன பிறகு அது சரிவரவில்லை, கைவிட்டார்கள்.

ஆனால் அதே காலத்தில் பிரித்தானியப் பக்கம் ரிக்கி என்றொரு நாய் இருந்தது, வேல்ஸ் நாட்டு ஆட்டுநாய் இனம். 1944 டிசம்பர் 3ஆம் திகதி நெதர்லாந்தில் நெடர்வீர்ட் என்ற ஊரில் வாய்க்கால் கரையோரம் வெடி தேடிக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்து, அந்த அணியின் பொறுப்பாளர் இறந்துபோனார். ரிக்கிக்குத் தலையில் காயம். ஆனாலும் பதறி ஓடவில்லை. பதறி ஓடியிருந்தால் சுற்றிவரக் கிடந்த மற்ற வெடிகளில் தானும் போய், பின்னால் நின்றவர்களையும் கொண்டுபோயிருக்கும். 1947இல் அதற்கு டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். போரில் விலங்குகளுக்கென்று மரியா டிக்கின் என்ற அம்மா 1943இல் ஏற்படுத்திய பதக்கம் அது, முதலாவதாகக் கிடைத்தது மூன்று புறாக்களுக்கு. பூனைகளில் இன்றுவரை ஒன்றுக்குத்தான் கிடைத்திருக்கிறது, ஹெச்எம்எஸ் அமெதிஸ்ட் கப்பலில் இருந்த சைமன். எங்கள் குழுவில் பூனை வளர்க்கிறவன் இதைக் கேட்டதும் அன்றிரவு முழுக்க சைமனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான், அதை இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.

ரிக்கி படை வளர்த்த நாயல்ல. யாரோ ஒரு வீட்டுச் செல்லம். போரின் இடையில் பிரித்தானிய அரசு நாய்கள் இரவல் வேண்டும் என்று மக்களிடம் கேட்டது, ஆட்கள் தங்கள் வீட்டு நாய்களைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னர், 1939 செப்டெம்பரில் போர் தொடங்கிய முதல் வாரத்தில், குண்டு விழும், சாப்பாடு கிடைக்காது என்று பயந்து லண்டனில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் நாய், பூனைகளை அவற்றை வளர்த்தவர்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அப்போது லண்டனில் இன்னும் குண்டு விழத் தொடங்கவில்லை. இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது நாங்கள் ஒவ்வொருவரும் அவிழ்த்துவிட்டு வந்த நாய்கள் இருக்கின்றன. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இடமில்லை. எங்கள் நாய் தருமபுரம் சந்தி வரைக்கும் பின்னால் ஓடி வந்தது. லண்டன்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பவும் வேலைக்கு வருவோம். இப்போது மிதிவெடி தேடுகிற நாயை எப்படிப் பாவிக்கிறார்கள்? நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, நீண்ட கயிற்றில் நாயை விட்டு, கோடு கோடாக நேராகப் போக வைப்பார்கள். பொதுவாக ஒரே சதுரத்தை இரண்டு வெவ்வேறு நாய்கள் தனித்தனியாகப் பார்க்கும். நாய் எங்காவது குந்தி இருந்தால் இடத்தைக் குறித்துவிட்டு அதைத் திருப்பிக் கூப்பிடுவார்கள், பிறகு மனிதர் போய்க் கையால் எடுப்பார். நாய் ஒருபோதும் தோண்டாது, தொடாது. கம்போடியாவில் இதையே எலி செய்கிறது. தான்சானியாவில் பழக்கிய ஆபிரிக்கப் பெரிய எலிகள், ஒன்றேகால் கிலோ அளவுதான் பாரம், மேலே ஏறி நடந்தாலும் வெடிக்காது. மகாவா என்ற எலிக்கு 2020இல் தங்கப் பதக்கம் கிடைத்தது, அதுவரைக்கும் அது காட்டிக் கொடுத்தது 39 மிதிவெடிகளும் வெடிக்காமல் கிடந்த 28 பொருட்களும். எலிக்குப் பரிசு பந்தல்ல, வாழைப்பழம் மாதிரிச் சாப்பாடு.

அப்படியென்றால் முகமாலையில் ஏன் நாய்களை விட்டு ஒரேயடியாக முடித்திருக்கக் கூடாது என்று பரந்தன்காரன் கேட்டான். நல்ல கேள்வி. நாய்க்கு மிகவும் பொருத்தமான வேலை, வெடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற பெரிய நிலத்தில் 'இந்தப் பக்கம் ஒன்றுமில்லை' என்று கெதியாகக் காட்டித் தருவது. முகமாலை அப்படிப்பட்ட இடமல்ல. வருடக்கணக்கில் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருந்து வரிசை வரிசையாகப் புதைத்த முன்னரங்கு அது. வெடிக்கு வெடி கிட்டக் கிட்டக் கிடந்தால் மணம் ஒன்றோடொன்று கலந்து நிலம் முழுக்க ஒரே மணமாகிவிடும், நாய் எங்கே இருப்பது? சமையற்கட்டில் நின்றுகொண்டு எந்த டப்பாவில் பெருங்காயம் என்று மூக்கால் தேடுவது போல. உலோகம் தேடும் கருவியும் அங்கே திணறும், மிதிவெடியில் உலோகம் துளிதான், ஆனால் மண் முழுக்க ஷெல் துண்டும் ரவைக் கோதும். ஒவ்வொரு அடிக்கும் கருவி கத்தும்.

அதனால் வன்னியில் அதிகம் கைகொடுத்தது வாரி. குப்பை வாருகிற வாரி மாதிரியே, ஆனால் பிடி நீண்டது. ஒன்று மேல் மண்ணைத் தளர்த்த, இன்னொன்று தளர்ந்த மண்ணை மெதுவாக இழுக்க. பக்கவாட்டால் இழுத்துக்கொண்டு போனால் வெடியின் மேற்பக்கம் அழுத்தம் படாமல் அதன் விளிம்பு தெரியவரும். இந்த முறை இங்கேயே, வன்னி மண்ணில் வேலை செய்தவர்களிடமிருந்து வளர்ந்து, பிறகு வெளிநாட்டுத் தொழில்நூல்களிலும் எழுதப்பட்ட முறை. இது எனக்குப் பெருமை, மறைக்கவில்லை. என் மச்சாள் கவச உடுப்பும் முகக் கண்ணாடியும் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு நாளில் சில சதுர மீற்றர் மட்டும் முன்னேறுவார். அவரோடு நின்றவர்களில் நிறையப் பேர் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028 ஜூன். நாங்கள் இப்போது விதைக்கிற ஒவ்வொரு காணியும் இப்படி யாரோ முழங்காலில் இருந்து பார்த்த காணி.

இனி பரந்தன்காரனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், இதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வீட்டு நாய் ஒரு இடத்துக்குப் போகாமல் விடுவது அங்கே வெடி இருப்பதற்குச் சாட்சியல்ல. பழக்காத நாய்க்கு அந்த மணத்தில் அக்கறையே இல்லை, அதற்குப் பூவரசம் வேரும் டிஎன்டியும் ஒன்றுதான். மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: நாய் போய் வந்த இடம், மாடு மேய்ந்த இடம் பாதுகாப்பானது என்று நினைப்பது. நாயின் பாரம் நான்கு காலில் பிரிகிறது, ஒரு பாதத்தில் சில கிலோ. மாடு இருபது தடவை அதே பாதையில் போயும் குளம்பு அந்த இடத்தில் படாமலே இருந்திருக்கலாம். வெடி சரிந்து கிடக்கலாம், மேலே வேர் ஓடியிருக்கலாம், மாரி மழையில் மண் கழுவுப்பட்டு இந்த வருடம் மேலே வந்திருக்கலாம். "மாடு போனதுதானே" என்று நம்பிப் போய்க் காலை இழந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சந்தேகமான எதையாவது கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பி வந்து, மற்றவர்கள் போகாதபடி ஒரு அடையாளம் வைத்து, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். அவர்கள் மிதிவெடி அகற்றும் ஆட்களுக்குச் சொல்வார்கள்.

அவன் அடுத்த நாள் காலையிலேயே அறிவித்தான். ஆட்கள் வந்து அந்தக் கிழக்கு மூலையை முழுவதும் பார்த்தார்கள், இரண்டு நாள். கிடைத்தது ஒரு துருப்பிடித்த மோட்டார் ஷெல்லின் வால் துண்டு, வெடிமருந்து இல்லாதது, அதுவும் மூலையிலிருந்து தள்ளி, கறுப்பி தினமும் படுத்து உருளுகிற கொய்யா மரத்தடியில். மூலையில் ஒன்றுமே இல்லை. இப்போது அவன் அங்கே முருங்கைத் தடி நட்டிருக்கிறான், துளிர்த்துவிட்டது. கறுப்பி இன்னமும் அந்தப் பக்கம் போவதில்லையாம்.